மலர் சொன்ன புகார்

இல்லை, மலரைத் திருப்பி அனுப்பவில்லை.

ஐந்து மாதம் முன்பு காப்பகத்திலிருந்து எங்கள் வீட்டில் வளர விட்ட ஏழு வயதுக் குழந்தை அவள். இங்கேயே இருக்கலாமா என்று பார்க்க இன்று போளூரிலிருந்து குழந்தைகள் நல அதிகாரி மேடம் வந்தார்.

என்னால் உட்காரவே முடியவில்லை. எதற்கும் "சரிங்க" மட்டும் சொல்கிறவள் என்ன சொல்வாள்?

"உனுக்கு இங்க இன்னா குறை, பாப்பா?" என்றார் மேடம்.

என்னைக் காட்டினாள். "இவன் என் பலாச்சுளைய துன்னுட்டான். கேட்டா இளிக்கிறான். அம்மா, நீயும் ஒண்ணும் கேக்க மாட்ற!"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். இதுவரை மலர் அம்மாவை "ஏங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"சண்ட போட்றாளா? அப்போ இங்கியே இருக்கட்டும்" என்று மேடம் கையெழுத்துப் போட்டார்.

பத்தாவதைப் பாதியில் விட்ட நான் இந்த வீட்டுக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் ஒரு திருட்டு. உங்கள் சாதனை என்ன?

போகிறேன், முழுப் பழம் கேட்டுக் கத்துகிறாள்.