நான் செய்த ஜெயில் வாட்ச்

எங்கள் தெருவில் அதற்கு ஜெயில் வாட்ச் என்று பெயர். கண்ணாடிக்கு மேல் வெள்ளியில் ஒரு கம்பி மூடி இருக்கும். ஜன்னல் கம்பிக்குள் எட்டிப் பார்ப்பதுபோல அதற்குள் எட்டிப் பார்த்து மணி சொல்ல வேண்டும். முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்கள் பதுங்கு குழியில் கிடந்தபோது கண்ணாடி உடையாமலிருக்க அப்படிச் செய்தார்களாம். வெள்ளைப் பீங்கான் முகம், பன்னிரண்டு மட்டும் சிவப்பு, ஆறு இருக்க வேண்டிய இடத்தில் விநாடிக்கென்று தனியாக ஒரு குட்டி வட்டம். ராயபுரத்தில் அப்படி இன்னொன்று கிடையாது. மெட்ராஸிலேயே இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அது அப்பாவின் கைக்கு எப்படி வந்தது என்பதற்கு அவரிடம் மூன்று கதைகள் இருந்தன. ஒரு கதையில், உயிரைக் காப்பாற்றியதற்காக ஒரு கப்பல் என்ஜினீயர் கழற்றிக் கொடுத்தான். இன்னொன்றில் சீட்டாட்டத்தில் ஜெயித்தார். மூன்றாவது கதையைக் குடித்திருக்கும்போது மட்டும் ஆரம்பிப்பார், முடிக்கமாட்டார். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஒரு கேங்குக்கு அவர் மேஸ்திரி. கேங் ஆட்களுக்கு உண்மையான மேஸ்திரி அந்த வாட்ச்தான். அது சொன்னால் சாப்பாடு, அது சொன்னால் வேலை. யார் கையிலும் அதைத் தரமாட்டார். பின்மூடியைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை கிரேன் கொக்கி உரசிக் கம்பி மூடியின் ஓரம் நசுங்கிவிட்டது. வாட்ச் மட்டும் இல்லாவிட்டால் மணிக்கட்டே போயிருக்கும் என்று கேங் முழுக்கப் பேசியது. அந்த நசுங்கலைச் சரிசெய்ய அவர் விடவில்லை. மற்றவர்கள் மீசையைத் தடவுவார்கள், இவர் அதைத் தடவிக்கொள்வார்.

வேலையில் இருக்கும்போதே போய்விட்டார். அறுபதுகளின் கடைசி அது. மாதா கோயிலில் அவருக்கு மாதப் பூசை முடிந்த அன்று சித்தப்பா அவருடைய பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பாகம் பிரித்தார். அண்ணனுக்கு அப்பாவின் துறைமுக வேலை, வாடகை வீட்டில் அப்பாவின் இடம், வாட்ச். எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ். அது என் காலில் நுழையவே இல்லை.

"சின்னவனுக்குத்தான் கம்பெனி வேலை கீதே, அவனுக்கு இன்னா கொறச்சல்?" என்றார் சித்தப்பா.

திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் நான் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். அந்த வேலையை அப்பா எனக்கு விட்டுப்போகவில்லை, நானே தொழில் கற்றுத் தேடிக்கொண்டது. அது எப்படி என் பங்கில் சேர்ந்தது என்று கேட்டிருக்கலாம். வாட்சுக்கு அலைகிறான் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். அலைந்தேன்தான். வயிறு எரிந்தது. அண்ணனுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். பேசும்போதெல்லாம் கம்பி மூடியை டக் டக்கென்று திறந்து திறந்து மூடி, சில மாதங்களிலேயே கீலை ஒடித்துவிட்டான்.

"நீதான் இரும்பைத் துன்றவனாச்சே, இத்த பாத்துக் குடு" என்று ஒரு சனிக்கிழமை என் மடியில் போட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. வெர்னியர் வைத்து ஒவ்வொரு பாகமாக அளந்தேன். மெல்லிய காகிதத்தை முகத்தின்மேல் வைத்து எண்களைப் படியெடுத்தேன். பின்மூடியைத் திறந்தேன். அப்பா யாருக்கும் காட்டாத உள்பாகத்தை நான் ஒருவன் பார்த்தேன், அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். கீலைச் சரிசெய்து திங்கட்கிழமை காலையில் கொடுத்தேன். நன்றி என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. எனக்கு வேண்டியது காகிதத்தில் இருந்தது.

காயலாங்கடையில் பழைய முதல் வகுப்பு ரயில் பெட்டியின் கதவுக் கைப்பிடி ஒன்று கிடைத்தது. ஜெர்மன் சில்வர். தேய்த்தால் வெள்ளிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கம்பெனி லேத்தில் சொந்த வேலை பார்த்தால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும். கூட வேலை செய்த இரண்டு பேர் ஃபோர்மேன் வருகிறானா என்று மாறி மாறிப் பார்த்துக்கொள்ள, கைப்பிடியைக் கடைந்து கடைந்து வாட்சுக் கூடு செய்தேன். கேட்டில் சோதனை உண்டு. சாப்பிடாமல் மிச்சம் வைத்த சோற்றுக்குள் புதைத்து, டிபன் கேரியரில் வெளியே கொண்டுவந்தேன். உள்ளே போடும் மிஷினை மூர் மார்க்கெட்டில் உடைந்த கடிகாரங்கள் விற்பவனிடம் பிடித்தேன். குட்டி விநாடி முள் சரியான இடத்தில் வருகிற மிஷின் கிடைக்க எத்தனையோ மாலைகள் அலைய வேண்டியிருந்தது.

முகம்தான் பெரிய பேஜாராகிவிட்டது. அந்த வெள்ளை எந்தப் பெயின்டிலும் வரவில்லை. ஒருநாள் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய எனாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா அப்டிப் பாக்கறே? சோறு வோணுமா?"

"தட்டு வோணும்."

அம்மா சிரித்துவிட்டாள். கழுவித் துடைத்துக் கொடுத்தாள். தட்டின் அடிப்பாகத்தை வெட்டித் தண்ணீருக்குள் வைத்து எமரிக் கல்லில் தேய்த்தேன். முதல் வில்லை ஓரத்தில் பொரிந்துபோயிற்று. அடுத்தது நடுவில் ஓட்டை போடும்போது விண்டது. கடைசியாக மிஞ்சிய துண்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன். அம்மா அதன்பிறகு அலுமினியத் தட்டில் சாப்பிட்டாள். "தட்டுதான் பூட்ச்சி, வாட்சாவது வருமா?" என்று தினமும் ஒரு முறை கேட்பாள். முட்களுக்கு நீல நிறம் ஏற்ற, பித்தளைத் தகட்டில் வைத்து அவளுடைய ஸ்டவ்வில் சூடு காட்டினேன். எஃகு முதலில் மஞ்சளாகும், பிறகு ஊதா, பிறகு ஒரு கணம் நீலம். அந்தக் கணம் எனக்குத் தப்பிக்கொண்டே இருந்தது, அம்மாவுக்குத் தப்பவில்லை. "வந்துட்ச்சி, எடு எடு!" என்று கத்துவாள். அண்ணி பிரசவத்துக்குப் போயிருந்தாள், அண்ணன் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். அந்த மாதங்களில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவே இருந்த சந்தோஷம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. அதனால்தான் இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாம் முடிந்தபின் சின்னச் சுத்தியலை எடுத்து, கம்பி மூடியின் ஓரத்தை அளவு பார்த்து நசுக்கினேன்.

"நல்லாத்தானே கீது, ஏன்டா நசுக்கறே?" என்று அம்மா பதறினாள்.

"நைனாதுல இருந்துச்சே."

அவள் வாங்கி அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நசுங்கலை மட்டும் செய்யாமல் விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். எனக்குத் திமிர். அப்பாவின் வாட்சில் இருந்தது ஒன்றுவிடாமல் என்னுடையதிலும் இருக்க வேண்டும்.

அப்பாவின் வருஷப் பூசை வந்தது. கேங் ஆட்கள் எல்லாரும் கோயிலுக்கு வந்திருந்தார்கள். அன்றுதான் முதல்முறையாக என் வாட்சைக் கட்டிக்கொண்டேன். இரண்டு மகன்கள், இரண்டு வாட்ச்; அதைப் பார்க்கும்போது அண்ணன் முகம் எப்படிப் போகும் என்று காண ஆசை. அவன் முழுக்கைச் சட்டை போட்டு, வேர்க்க வேர்க்க மணிக்கட்டுப் பித்தானையும் மாட்டியிருந்தான். எனக்கு உறைக்கவில்லை. முந்தின வாரம் தோஸ்துகளோடு எண்ணூர்க் கழிமுகத்தில் குடித்துவிட்டுப் படகு தள்ளியபோது வார் அறுந்து வாட்ச் தண்ணீரோடு போய்விட்டது என்பதை, அந்தத் தோஸ்துகளில் ஒருவன் பல வருஷம் கழித்துத்தான் எனக்குச் சொன்னான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் கேங்கிலேயே மூத்தவர் என் கையைப் பிடித்தார்.

"இன்னாடா, ஜெயில் வாட்ச் சின்னவன் கைக்கு வந்துட்ச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் அவருடைய கட்டைவிரல் அந்த நசுங்கலுக்குப் போய்விட்டது. "தபாரு, கொக்கி பட்ட எடம். நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன்டா அன்னிக்கு" என்றார். மற்றவர்களும் கூடினார்கள், ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். என் வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அதற்குப்பின் எனக்குக் கிடைத்ததில்லை. தலைகால் புரியாமல் நின்றேன்.

"ஏன்டா பெரியவனே, நீயா குட்த்தே?" என்று மூத்தவர் அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் வாட்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் மண்டைக்குள் என்ன ஓடியது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியவில்லை.

"அத்தத்தான் ஒரு வாரமா தேடிகினு கீறேன். திருடன் வூட்லயே கீறான்னு எனக்குத் தெரியாமப் பூட்ச்சே."

வீட்டில் பூசைக்கு வந்தவர்களுக்கென்று இட்லியும் கறிக்குழம்பும் செய்து வைத்திருந்தது. யாரும் தொடவில்லை. சித்தப்பா நடுவில் உட்கார்ந்தார். நானே செய்தது என்று சொன்னேன்.

"செஞ்சியா? வாட்சா? உங்க நைனா வாட்சையா?" என்று சித்தப்பா கேட்டதும் சிரிப்பு எழுந்தது. செய்தது நன்றாக இல்லாவிட்டால் நம்பியிருப்பார்கள்.

கத்தி முனையால் பின்மூடியைத் திறந்து காட்டினேன். "பாருங்க, இது வேற மிஷினு. நைனாதுல இருந்தது இது இல்ல."

மூத்தவர் குனிந்து பார்த்தார். கெட்ட எண்ணம் பிடித்த மனுஷர் இல்லை. "உள்ள இன்னா இருந்துச்சுன்னு எங்களுக்கு எப்டிடா தெரியும்? உங்கப்பன் என்னிக்காவது தெறந்து காட்னானா? அந்த அடி எனக்குத் தெரியும். அது இதுல கீது" என்றார்.

"எங்க செஞ்சே? யார் பாத்தாங்க?" என்றார் சித்தப்பா.

எனக்காகக் காவல் நின்ற இரண்டு பேரும் குழந்தை குட்டிக்காரர்கள். அவர்கள் பெயரைச் சொன்னால் விஷயம் கம்பெனிக்குப் போகும், மூன்று குடும்பம் தெருவுக்கு வரும். சொல்ல முடியாது. அம்மா இருக்கிறாள், எனக்கு வேறு யாரும் வேண்டாம் என்று நினைத்தேன்.

"அம்மாவைக் கேளுங்க. அம்மா தட்டுலதான் அந்த மொகமே செஞ்சேன்."

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா சமையலறை வாசலில் அண்ணனின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "சொல்லும்மா" என்றேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அண்ணி எழுந்துபோய் அம்மாவின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அம்மாவின் கை குழந்தை இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் வளைந்து நின்றது.

"பெரியவன்துதான். குட்த்துடு" என்றாள் அம்மா.

பின்மூடியை அழுத்தி மூடி அண்ணன் கையில் வைத்தேன். அவன் கட்டிக்கொண்டான். மூத்தவர் என்னைப் பார்க்காமல், "மேஸ்திரி வயித்துல இப்டி ஒண்ணு" என்றார். பிறகு பந்தி நடந்தது. இட்லி பத்தவில்லை என்று யாரோ குரல் கொடுத்தது காதில் விழுந்தது.

சாயங்காலம் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன். அம்மா தெருமுனைக் குழாயடி வரைக்கும் பின்னால் வந்தாள். கையில் குடத்தோடு வந்தாள், தண்ணீர் பிடிக்க வந்ததுபோல.

"உனக்குக் கையில தொழில் கீது. இன்னொண்ணு செஞ்சிக்குவே. நான் இன்னொரு வூட்டுக்கு எங்க போவேன்?"

"நான் வூடு எடுக்கறேன். எங்கூட வா."

"நாளைக்கி உனக்குன்னு ஒருத்தி வருவா. அவ இன்னா சொல்வாளோ."

"என்னைத் திருடன்ட்டாங்களேம்மா."

"நாலு நாள் சொல்வாங்க. அப்பால மறந்துடுவாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தனக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று நன்றாக யோசித்து முடித்தவளின் முகம் அது. அவள் யோசித்ததில் தப்பு ஒன்றும் இல்லை என்று இந்த வயதில் எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? என் நெஞ்சு ஆறவில்லை.

எர்ணாவூரில் ஒரு அறை பார்த்துக்கொண்டேன். ராயபுரத்தில் யாரும் எதையும் மறக்கவில்லை. எனக்குப் பேசிய இரண்டு சம்பந்தங்கள் வந்த வழியே திரும்பிப்போயின. விசாரித்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவைப் பார்க்கப் போனால் அண்ணி நாற்காலி போடுவாள், காபி தருவாள், நான் கிளம்பும்வரை அந்த அறையை விட்டு நகரமாட்டாள். இன்னொரு வாட்ச் நான் செய்யவில்லை. கம்பெனியில் சொந்த வேலைக்கென்று லேத் பக்கமே போகவில்லை.

சில வருஷம் கழித்து அம்மா போய்விட்டாள். செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடும் நேரம். அண்ணன் தலைமாட்டில் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கையில் என் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் எனக்கு வழிவிட்டது. இத்தனை வருஷக் கோபத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, கடைசியாக ஒருதரம் நெற்றியில் முத்தமிடலாம் என்று குனிந்தேன்.

அண்ணி சட்டென்று கையை நீட்டி, அம்மாவின் காதுக் கம்மலைப் பொத்திக்கொண்டாள்.