ஆலோசனை: எல்லம்மா

நீதிபதியாக நடிப்பவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்கிறார். இரண்டடி போவதற்குள் குரல் வருகிறது.

"ஜட்ஜ் சார், கண்ணாடிக்கு வூடு அதுவா?"

நீதிபதி திரும்பி வந்து, மேசைமேல் சாக்பீஸால் கட்டம் போட்டு 'கண்ணாடி' என்று எழுதியிருக்கும் இடத்தில் அதை வைக்கிறார். இப்போதுதான் ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்துவிட்டு வந்தவர். எல்லம்மாவிடம் மட்டும் அவர் வாய் திறப்பதில்லை.

செம்பாக்கம் ஏரிப் பக்கம் போகும் தெருவில், ஒரு காலத்தில் சிமென்ட் மூட்டை அடுக்கிய கிடங்கு இன்று தொண்ணூறு நாற்காலி போட்ட நாடக அரங்கு. ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை சனி, ஞாயிறுகளில் ஐந்து நாடகங்கள் போடுவார்கள். இந்த ஆண்டு ஒரு நீதிமன்ற நாடகம், ஒரு பேய் நாடகம், ஒரு நகைச்சுவை, இரண்டு இசை நாடகங்கள். ஐந்துக்கும் மேடைப் பொருள்கள் எல்லம்மாவின் பொறுப்பு. பூட்டாத கைவிலங்கு, வெடிக்காத துப்பாக்கி, அட்டையில் செய்த தர்பூசணி என்று எது எந்தக் காட்சியில் யார் கைக்குப் போக வேண்டும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

வயது நாற்பத்தெட்டு. பிறந்தது கோவளம் குப்பம், வாழ்க்கைப்பட்டது செம்பாக்கம். விடியலில் கோவளம் போய் ஏலத்தில் மீன் எடுத்து வந்து, அடுக்குமாடி வீடுகளில் விற்று முடித்துக் குளித்துவிட்டு, மூன்று மணிக்கெல்லாம் அரங்கில் இருப்பார். எட்டு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு காட்சிக்கு மீன்காரியின் அன்னக்கூடை வேண்டுமென்று கேட்டு வந்தார்கள். இரவல் கொடுத்தவர், நசுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் தினமும் வந்து உட்கார்ந்து பார்த்தார். கூடையைக் காவல் காக்க வந்தவர், மெல்ல மெல்ல மேசை மொத்தத்துக்கும் காவலாகிவிட்டார்.

நாடகத்தில் ஒன்று பொருந்தவில்லையென்றால் அவரால் பொறுக்க முடியாது. பேய் நாடகத்தில் கொலுசுச் சத்தம் வந்தபோது ஒத்திகையை நிறுத்தினார். "பேய்க்குக் காலு இல்லன்றீங்கோ. அப்பறம் கொலுச எங்க மாட்டுது? மூக்குலயா?" கொலுசு எடுக்கப்பட்டது. நகைச்சுவை நாடகத்தில் ஒருவர் காலிக் குவளையை உறிஞ்சினார் என்பதற்காக, அன்றிலிருந்து நிஜ டீ ஊற்றி வைக்கிறார்.

சீசனின் கடைசி நாடகத்துக்கு 'நீலத்தில் கரைந்தவன்' என்று பெயர். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு மீனவனின் கதை; பத்துப் பாட்டு. எழுதி இயக்கியவர், குழுவின் தலைவரான ஸ்ரீவத்சன். நல்ல மனிதர், யாரையும் அதட்டத் தெரியாதவர். ஒத்திகை தொடங்கிய முதல் வாரத்தில் அவர் எல்லம்மாவிடம் வலை, துடுப்பு, ஏலம் என்று நிறையக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எல்லம்மாவும் பெருமையாகச் சொன்னார்.

கடைசிக் காட்சியை மட்டும் யாரும் அவரிடம் கேட்கவில்லை. அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பக்கத் திரைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தார். எட்டுப் பெண்கள் வெள்ளைப் புடவையில், தலையை விரித்துப் போட்டு, கையில் அகல் விளக்கோடு வருகிறார்கள். மீனவனின் மனைவியாக வரும் ஷர்மிளா மண்டியிட்டு, 'கொடுத்தவளே, எடுத்துக்கொள் அம்மா' என்று கடலைப் பார்த்துப் பாடுகிறாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.

எல்லம்மா நேராக மேடைக்கு நடந்து போனார்.

"இன்னா சார் இது?"

"ஏன் எல்லம்மா? விளக்கு சரியா அணையலையா?"

"எட்த்துக்கோன்னு யாரு சார் பாடுவா? எந்த ஊர்ல பாட்னாங்கோ?"

பாட்டு நின்றது. ஆர்மோனியக்காரர் கையை எடுத்துக்கொண்டார்.

"எந்தம்பி துலுக்காணம் போன போட்டுல நாலு பேரு. ராத்திரி வர்ல. காலைல மீன்வளத்து ஆபீசுக்குப் போனா, ரெண்டு நாள் பார்க்கலாம், காத்து அடங்கட்டும்ன்றான். நாங்க இன்னா, வெளக்கு ஏத்திக்கினு பாட்டா பாடுனோம்? கோவளத்துப் பொம்பளைங்க அத்தினி பேரும் ரோட்டுல போய்க் குந்திக்கினோம் சார். அன்னக்கூடைய வரிசையா வெச்சி மறிச்சோம். ஒரு பஸ்சு போவல. போலீசு அடிக்க வந்தான், நவுரல. மத்தியானம் தேடுற கப்பல் கெளம்புச்சு."

எல்லம்மா இரண்டு விரலை நீட்டிக் காட்டினார்.

"ரெண்டு பேரு உசுரோட வந்தாங்கோ. எந்தம்பி வர்ல. ஆனா ரெண்டு பேரு வந்தாங்கோ சார். எட்த்துக்கோ அம்மான்னு பாடிக்கினு இருந்தா, அந்த ரெண்டு பேரும் செத்துருப்பாங்கோ."

ஸ்ரீவத்சன் கண்ணாடியைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார். "எனக்குப் புரியறது எல்லம்மா. ஆனா இது யதார்த்தம் இல்லை, குறியீடு."

"அப்டின்னா?"

"ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை உணர்த்தறது."

"அப்ப அந்த ஒண்ணையாவது சரியா சொல்லுங்கோ."

ஷர்மிளா விளக்கைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் பாட்டுக்கு இசை அமைத்து முடிந்துவிட்டது, டிக்கெட் விற்றுவிட்டது, மூன்றே நாள்தான் இருக்கிறது. அடுத்த சீசனில் மாற்றி எழுதுகிறேன் என்றார் ஸ்ரீவத்சன். எல்லம்மாவைச் சமாதானப்படுத்தத்தானோ என்னவோ, அன்றுதான் வந்து இறங்கிய துண்டறிக்கைக் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துக் காட்டினார். நடிகர் பெயர்களுக்கெல்லாம் கீழே, கடைசி வரியில், 'ஆலோசனை: எல்லம்மா, கோவளம்' என்று அச்சிட்டிருந்தது.

எல்லம்மாவின் முகம் சிவந்தது. "இத்த எடுத்துடுங்கோ."

"உங்களுக்கு மரியாதை செய்யத்தான்..."

"நான் சொல்லிக் குடுத்தேன்னு தானே இதுக்கு அர்த்தம்? எங்கூர்ப் பொம்பளைங்க கைல கெடச்சா, நாங்க இப்பிடியா குந்திக்கினு அழுதோம்னு கேப்பாளுங்கோ. நான் இன்னா பதில் சொல்றது?"

எடுத்துவிடுகிறேன் என்று ஸ்ரீவத்சன் தலையாட்டினார்.

அன்று வீட்டுக்குப் போனவர் இனி வரமாட்டார் என்றுதான் குழுவில் எல்லோரும் நினைத்தார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்துவிட்டார். மேசையில் புதுக் கட்டம் போட்டார். எட்டு அகல், எட்டுத் திரி, தீப்பெட்டி. வெள்ளைப் புடவைகளைத் தேய்த்து மடித்து வைத்தார். "செய்ற வேலைல கொறை வெச்சேன்னு ஒருத்தனும் சொல்லக் கூடாது," என்று ஷர்மிளாவிடம் சொன்னார். கடைசிப் பாட்டின்போது மட்டும் அரங்கை விட்டு வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளே கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

கதவு திறந்ததும் முதலில் வந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையிலிருந்த துண்டறிக்கையைப் பார்த்தார், எல்லம்மாவைப் பார்த்தார். டிக்கெட் கிழித்தவர் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்கதானே அந்த எல்லம்மா? உங்க பேர் போட்டிருக்கே! உங்க ஜனங்க எவ்வளவு பொறுமைசாலிங்கம்மா. கடவுள் எடுத்துண்டாலும் ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறீங்களே."

எல்லம்மா அவர் கையிலிருந்த தாளை வாங்கினார். கடைசி வரிக்கு மேலாக மடித்து, மடிப்பை நகத்தால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்து, பிசிறில்லாமல் கிழித்தார். மீதித் தாளை அந்த அம்மாளிடமே திருப்பிக் கொடுத்தார். தன் பெயர் இருந்த துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, அடுத்து வந்தவரிடம் கையை நீட்டினார்.