மேசை மூன்றின் சொந்தக்காரர்

தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏதோ அவசர வேலையாகப் போகிறவர் போல அரங்கைச் சுற்றி வருகிறார் சாரி அண்ணன். போவதற்கு ஓர் இடமும் கிடையாது. மென்பொருள் எழுதுகிறவர்களின் மாநாட்டில் இடைவேளை விட்டால் அங்கங்கே கூட்டமாக நின்று சிரிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் எந்தப் பக்கமாக நுழைவது என்று இவருக்குத் தெரியாது. அதனால் நடந்துகொண்டே இருப்பார். வழியில் நாற்காலி இடித்தால் நாற்காலியிடம் "சாரி" என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

ஆஸ்பத்திரிக் கணினிகளில் யாராவது எதையாவது மாற்றித் தட்டிவிட்டால் திரையில் ஒரு வரி வருமே, அந்த வரிகளை எழுதுவது இவர் வேலை. முன்பு இவருடைய அத்தைக்கு 'தவறான நபர்' என்று சிவப்பில் வந்துவிட்டது. "ஆளே தப்புன்னு சொல்லிடுச்சுப்பா" என்று அத்தை வைத்தியம் பார்க்காமலே வீடு திரும்பிவிட்டார். அன்றிலிருந்து இவருக்கு ஒரே பேச்சு: "மிஷின் மனுஷனத் திட்டக் கூடாதுங்க."

இதைப் பற்றி நாலு பேரோடு பேசவேண்டும் என்று போன மாநாட்டிலேயே பலகையில் தலைப்பு ஒட்டினார். அங்கே வழக்கம் அதுதான். தலைப்பையும் மேசை எண்ணையும் எழுதி ஒட்டிவிட்டுப் போய் உட்கார வேண்டும். பிடித்தவர்கள் வருவார்கள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. "இந்தத் தடவையும் யாரும் வரலன்னா இதோட விட்டுடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "வருவாங்க. சாமிகிட்ட சொல்லியிருக்கேன். நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டு உக்காராம இருங்க, போதும்" என்றாராம் அந்த அம்மா.

இந்த முறை 'மேசை 3' என்று எழுதி ஒட்டினார். எண் ஒட்டாத மேசைகளை விரல்விட்டு எண்ணி, போய் உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. பக்கத்து மேசையிலோ இடம் போதாமல் ஆட்கள் நிற்கிறார்கள்.

"சார், இந்த நாற்காலிய எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோங்க தம்பி. இங்க யாரும் வரல."

இப்படியே ஒவ்வொன்றாகப் போய், இவர் உட்கார்ந்திருந்தது மட்டும் மிஞ்சியது. அவர்களாவது நன்றாகப் பேசட்டும் என்று மனதாரத்தான் நினைத்தார்.

மாநாட்டை நடத்துகிற பெண் அந்தப் பக்கம் வந்தவள் திகைத்து நின்றாள்.

"அண்ணே, இங்க என்ன பண்றீங்க? உங்க மேசையில கூட்டம் தாங்கல!"

"இதுதானேம்மா மூணு?"

"இது நாலு! பூஜ்யத்துலேர்ந்து எண்ணிட்டீங்களா?"

நிரல் எழுதுகிறவர்களுக்கு முதல் எண் பூஜ்யம்தான். கை அப்படிப் பழகிவிடும். "இங்கயாவது ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க சாமிகளா" என்று காலையில் அவள் மேடையில் கெஞ்சியபோது, இவர் வெளியே மனைவியோடு போனில் இருந்தார்.

"அப்போ... அவங்கல்லாம் எனக்கா வந்தாங்க?"

"பின்ன எனக்கா? நாற்காலிய வேற தானம் பண்ணிட்டு உக்காந்திருக்கீங்க! எந்திரிங்க முதல்ல."

எழுந்து போனார். பக்கத்து மேசையில் சண்டையே நடந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் கடுமையா சொன்னாத்தான் ஜனங்க கவனமா இருப்பாங்க" என்றார் ஒரு வழுக்கைத் தலைக்காரர்.

"எங்கப்பாவுக்குத் திரையப் பாத்தாலே கை நடுங்குது. அவர இன்னும் மிரட்டணுமா?" என்று சீறினாள் எதிரே இருந்த பெண்.

"அட, இருங்கப்பா! தலைப்பு வச்ச ஆளு எங்க?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

பின்வரிசையில் நின்றிருந்த சாரி அண்ணன், அடுத்த மேசைக்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி, கையை உயரத் தூக்கினார்.