நான்கே நிமிடத்தில் முடிந்த காதல் கதை

நேற்று எங்கள் கம்பெனி ஃபேமிலி டேயில், பதினைந்து நிமிடக் காதல் நாடகத்தை நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

(வேண்டுமென்றேதான்!)

காக்களூரில் எங்களுடையது சின்ன கம்பெனி. நான் அங்கே குவாலிட்டியில் இருக்கிறேன். நான் பேசி அதிகம் பேர் கேட்டதில்லை.

கதை, டைரக்‌ஷன் எல்லாம் டிஸ்பாட்ச் முரளி அண்ணன். ஹீரோ, ஸ்டோர்ஸில் இருக்கும் பிரகாஷ். ஹீரோயினாக என்னை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீதாம்மா பேசவே மாட்ட. லவ் ஸ்டோரிக்கு அதான் வேணும்."

ஹீரோவுக்கு அம்மா, நண்பன், கடன், கனவு எல்லாம் உண்டு. ஹீரோயினுக்கு ஒரு துப்பட்டாவும் மூன்று டயலாக்கும்.

"அண்ணா, இந்தப் பொண்ணு இன்னா வேல பாக்குது?"

"இன்னாம்மா கேள்வி இது? அது ஹீரோயினும்மா."

வேலை நேரத்தில் ஒரு முடி தொப்பிக்கு வெளியே தெரிந்தாலும் எங்களை மெஷின் பக்கம் விடமாட்டார்கள். அதே முடி மேடையில் பறப்பதற்கு இரண்டு பெடஸ்டல் ஃபேன் கொண்டு வந்து வைத்தார்கள்.

ஹீரோ பத்து நாள் என் பின்னாலேயே வருவார். நான் "என் பின்னாடி வராதீங்க" என்பேன். பக்கத்திலேயே பிராக்கெட்டில் 'வெட்கத்துடன்' என்று எழுதியிருந்தது. பதினோராம் நாள் அவர் வரமாட்டார். என் கண்கள் அவரைத் தேட வேண்டும். பன்னிரண்டாம் நாள் நானே போய், "நேத்து ஏன் வரல?" என்று கேட்க வேண்டும். உடனே டூயட்.

பத்து நாள் பின்னால் வந்தவன் பதினோராம் நாள் வரவில்லை என்றால் நான் நிம்மதியாக டீ குடிப்பேன். அதை முரளி அண்ணனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ரிகர்சலில் மற்ற இரண்டு டயலாக்கும் வந்துவிட்டன. "நேத்து ஏன் வரல?" மட்டும் தொண்டையிலேயே நின்றது. நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்து, நடிப்பு சூப்பர் என்றார்கள்.

கூச்சம் இல்லை. என் தங்கை திவ்யா.

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் ஒருவன் இரண்டு மாதமாக அவள் பின்னால் வருகிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் சிரிக்கிறானாம். அவனைத் தவிர்க்கத் தினமும் ஒரு ட்ரெயினை விட்டு அடுத்ததில் போகிறாள். முதல் பீரியட் தினமும் ஆப்சென்ட். அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வீட்டில் சொன்னால் அப்பா காலேஜையே நிறுத்திவிடுவார் என்று பயந்து, என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

நேற்று அவள் அம்மாவோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் முன்னால் நின்று, பின்னால் வந்தவனைப் பார்த்து "நேத்து ஏன் வரல?" என்று நான் எப்படிக் கேட்பது?

ஃபேன் ஓடியது. முடி பறந்தது. பிரகாஷ் பின்னால் வந்தார். வெட்கத்துடன் சொல்ல வேண்டிய இடம்.

திரும்பி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"என் பின்னாடி வராதீங்க. எனக்குப் புடிக்கல. நாளைக்கும் புடிக்காது."

என் குரல் கடைசி வரிசை வரை கேட்டிருக்கிறது!

பிரகாஷ் முரளி அண்ணனைப் பார்த்தார். முரளி அண்ணன் பேப்பரைப் பார்த்தார். பேப்பரில் ஒன்றும் இல்லை.

"சரிங்க. சாரிங்க" என்று சொல்லிவிட்டு பிரகாஷ் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

அவ்வளவுதான் கதை. பேக்கிங் செக்‌ஷன் அக்காக்கள் விசில் அடித்தார்கள். பிரியாணியைச் சீக்கிரமே போட்டார்கள்.

"சோகப் பாட்டுக்குத் தாடி வாடகைக்கு எடுத்தாந்தேம்மா. பிரிச்சிக்கூட பாக்கல" என்று முரளி அண்ணன் புலம்பினார். (சாரிண்ணா.)

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அம்மாவுக்கு நாடகத்தில் ஒரே ஒரு சந்தேகம்.

"அந்தப் புள்ள எந்த ஊரு? வேணான்ன ஒடனே போய்ட்டானே. அந்த மாதிரி பையன் கெடச்சா கட்டிக்கலாம்டி."

நான் வெளியே பார்த்தேன். அப்போதுதான் திவ்யா வாயைத் திறந்தாள்.

"அம்மா, நம்ம ஸ்டேஷன்ல ஒருத்தன் கீறான். வேணான்னாலும் போமாட்றான். அவனாலதான் தெனம் என் ட்ரெய்ன வுட்டுட்டு அடுத்ததுல போறேன்."

அம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா. பொண்ணுங்க மொதல்ல வேணான்னுதான் சொல்வாங்களாம். அப்பறம் சரியாய்டுமாம்."

"யார் சொன்னா அவனுக்கு?"

"படத்துல பாத்துக்கீறானாம்."

அம்மா அமைதியாகச் சொன்னார்.

"உங்க நைனாக்கு சொல்லாதீங்க. நாளைக்கு நான் வரேன். நீ உன் ட்ரெய்ன்லயே போ."

இன்று காலை அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார். முகத்தில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எட்டு மணிக்குத் திவ்யா மெசேஜ் அனுப்பினாள்: 'ஏறிட்டேன். மொத பீரியட் போய்டுவேன். அம்மா அவன பெஞ்ச்ல பக்கத்துல ஒக்கார வெச்சி பேசிக்கினு கீறாங்க.'

ஒன்பதேகாலுக்கு டீ பிரேக்கில் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இரு, இன்னும் பேசி முடிக்கல" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பையனுக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள், நண்பர்களே.