அவளுடைய கைக்குப் பொருந்திய கல்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன் நான். கொச்சிக்கடையில் மூட்டை தூக்கியவன். அப்படிப்பட்ட நான் கிருலப்பனைப் பக்கம் சதுப்பு நிலம் வாங்கி, பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்து, ஸ்டோர் கட்டினேன். படித்தவர்கள் எல்லாம் "சேற்றுக்குள்ள தாண்டு போகும்" என்றார்கள். இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கிறது.

அத்திவாரம் வெட்டும்போது கறுத்த சேற்றுக்குள்ளிருந்து ஒரு கல் வந்தது. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் வழவழப்பு. பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து, ஆதி மனிதர் வெட்டப் பாவித்த ஆயுதம் என்றார். தரச்சொல்லிக் கேட்டார். கொடுக்கவில்லை. என் நிலத்தில் வந்தது என் வீட்டில்தானே இருக்க வேண்டும்? வெள்ளவத்தை பிளாட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

என் கைக்கு அது சின்னன். மனைவி பிடித்தால், அவளுக்கென்றே செய்ததுபோல விரல்கள் போய்ப் படியும்.

"அந்தக் காலத்திலயும் பொம்பிளையள்தான் வெட்டிக் கொத்தினவை போல. நீங்கள் அப்பவும் வெளியில நிண்டு புளுகிக்கொண்டு இருந்திருப்பியள்" என்று சிரிப்பாள்.

அவள் போனபிறகு நான் அதை யாருக்கும் காட்டவில்லை. தனியே இருக்கும்போது எடுத்து, அவள் விரல் படிந்த இடத்தில் என் விரலை வைத்துப் பார்ப்பேன்.

முப்பத்தோராம் நாள், அவளின் அந்தியேட்டி அன்று ஐயர் ஒரு கல் கேட்டிருக்கிறார். செத்தவரைக் கல்லில் எழுந்தருளச் செய்து, கிரியை முடிய அதைக் கடலில் விடுவது எங்கள் வழக்கம். ஊரென்றால் வளவுக்குள் குனிந்தால் கல். ஆறாம் மாடியில் எங்கே தேடுவது? நான் வந்தவர்களோடு முன் ஹோலில் இருந்தேன். கனடாவிலிருந்து வந்த மகன் அலுமாரியைத் திறந்திருக்கிறான்.

கும்பிடும்போது பூவுக்குள் மூடிக் கிடந்ததால் எனக்குத் தெரியவில்லை. கடற்கரைக்குப் போகும்போது, தண்டவாளத்தடியில் ரெயிலுக்காக நின்ற இடத்தில் துணி விலகியபோதுதான் என் கல்லைக் கண்டேன். சந்தனம் பூசி, பூவோடு, வெள்ளைத் துணிக்குள், மகனின் கையில்.

"எங்க எடுத்தனீ?"

"உங்கட அலுமாரியிலதான் அப்பா. ஐயர் நல்ல வடிவான கல் எண்டவர். ஏன், தேவையான கல்லே?"

மூட்டை தூக்கிய காலத்திலேயே கங்காணியை எதிர்த்துக் கதைத்தவன் நான். ஒரு சொல் சொன்னால் வேறு கல் தேடியிருப்பார்கள். ஆனால் இந்தக் கல்லில் அவளை அழைத்து, சோறு படைத்து, எல்லோரும் கும்பிட்டாயிற்று. இனி நான் அதை வாங்கி அலுமாரிக்குள் பூட்டினால், அவள் எங்கே போவாள்?

ரெயில் போயிற்று.

"இல்லை. கொண்டு போ."

மகன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வழக்கப்படி திரும்பிப் பாராமல் கல்லைப் பின்பக்கமாக விட்டான். விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

சதுப்பை இறைத்து அதை வெளியே எடுத்தவன் நான். கடலை எந்தப் பம்ப் வைத்து இறைப்பது?