பட்டையை இன்னொரு தடவை

அவரைக் கடிவாளம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். லாயத்தில் வேலை செய்கிற ஒரு மனிதர் எப்போது பார்த்தாலும் இடது தோளில் ஒரு கடிவாளத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? சாப்பிட உட்காரும்போதும் கழற்ற மாட்டார். "தூங்கும்போதாவது கழட்டுவாரா அண்ணி?" என்று அவர் மனைவியிடம் ஒருமுறை கேட்டேன். "அதை ஏன் கேக்கறீங்க, தலைமாட்டுல வெச்சுக்கறாரு. நான்தான் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கறேன்" என்றார்.

பாசத்தில் இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோபத்தில் எழுதுகிறேன். சவாரிக் கழகத்துச் செயலாளர் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். கொஞ்ச நேரம் அந்த மனிதர் மேலேயே கோபமாக இருந்தேன். அந்த வெட்கக்கேட்டையும் சொல்லத்தான் போகிறேன்.

பத்தொன்பது வயதில் குதிரைச் சாணி அள்ள வந்தவர். இப்போது ஐம்பது. வலது காது மடலில் ஒரு துண்டு இருக்காது, ஏதோ ஒரு குதிரைக்குட்டி கடித்தது. விலா எலும்பு மூன்று முறை முறிந்திருக்கிறது. மனிதர்கள் என்றால் வள்ளென்று விழுவார். குதிரை மருத்துவரையே, "ஊசியக் காட்டிக்கிட்டு முன்னால வாங்க சார், திருடன் மாதிரி பின்னால வராதீங்க" என்று அதட்டுவார். குதிரையிடம் போனால் மட்டும் குரல் தானாக இறங்கிவிடும். லாயத்துக் குதிரைகள் அத்தனைக்கும் சேணம் பூட்டுவது அவர்தான். ஏறி உட்கார மட்டும் அவருக்கு அனுமதி கிடையாது. வேலைக்காரர்கள் சவாரி செய்யக் கூடாது என்பது கழகத்தின் சட்டம். முப்பத்தொரு வருஷமாகக் குதிரையோடு நடந்தே தேய்ந்த கால்கள் அவருடையவை.

அவரிடமும் ஒரு சட்டம் இருந்தது. சேணத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டும் தோல்பட்டையை அவர் இரண்டு தடவை இறுக்குவார். லாயத்தில் ஒரு தடவை. ஆள் ஏறியதும் பத்தடி நடக்கவிட்டு இன்னொரு தடவை. மகாராணி என்று ஒரு பெண்குதிரை, பெயருக்கேற்ற திமிர். பட்டையைக் கண்டதும் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். இறுக்கி முடித்ததும் மெல்ல மூச்சை விடும், பட்டை தளர்ந்துவிடும். "இவளோட நடிப்புக்கு முன்னால நாமெல்லாம் சும்மா" என்பார் பெருமையாக. இரண்டாவது தடவை இறுக்காமல் எந்தக் குதிரையும் அவர் கையைவிட்டுப் போனதில்லை.

நான் அங்கே போட்டோக்காரி. வருஷத்தில் மூன்று வாரம், சவாரி செய்கிறவர்களையும் அவர்களுடைய குதிரைகளையும் மைதானத்தில் வைத்துப் படம் எடுப்பேன். சாயங்காலம் சூரியன் மேற்கு வேலிக்கு ஒரு முழம் மேலே இறங்கும்போதுதான் என் வேலை ஆரம்பிக்கும். குதிரையின் முதுகு செம்பாக மின்னும், கிளம்பும் புழுதிகூட அழகாகத் தெரியும். எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். ஃபிளாஷ் போடக் கூடாது, குதிரை மிரளும். அந்த இருபது நிமிஷத்தில் எவனாவது குறுக்கே வந்தால் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். தலைமுடியைச் சரி செய்துகொண்டு ஆடி அசைந்து வருகிறவர்களை, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மனசுக்குள் திட்டித் தீர்ப்பேன். சில சமயம் வாய்விட்டே திட்டிவிடுவேன்.

அன்றைக்குக் கடைசியாக வந்தவள் செயலாளரின் மகள். பதினாறு வயது, மகாராணியின் மேல். அவள் வந்து சேரும்போது சூரியனில் பாதிதான் மிச்சம். நான் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தேன்.

கடிவாளம் பின்னாலேயே ஓடி வந்தார். "ஒரு நிமிஷம் பாப்பா, நில்லு. பட்டைய இன்னொரு தடவை இழுக்கணும்."

"அண்ணே, தள்ளுங்க!" என்று கத்தினேன். "படத்துல விழறீங்க! வெளிச்சம் போகுது. நீ வாம்மா, வா, வேகமா வா!"

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் குரல்தான் பெரியது. குதிரையை விரட்டினாள்.

நான் இடுப்பைத் திருப்பிக் குதிரையோடு கூடவே கேமராவை நகர்த்தி அழுத்தினேன். அடுத்த வளைவில் சேணம் அப்படியே பக்கவாட்டில் சரிந்தது. பெண் தோள் மண்ணில் மோத விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது கடிவாளம்தான்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கணினியில் திறந்தேன். நான்கு கால்களும் அந்தரத்தில், பிடரி சிலிர்த்திருக்க, பெண் சிரிக்கிறாள். என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அது, நாசமாய்ப் போக. குதிரையின் வயிற்றுக்கும் பட்டைக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறது. பின்னால் ஒரு கையை உயர்த்தி, வாயைப் பிளந்து, 'நில்லு' என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறார் கடிவாளம்.

மறுநாள் காலையில் செயலாளர் போன் செய்தார். "அந்த ஆள் பட்டைய ஒழுங்கா கட்டலை. நீங்க அங்கதானே இருந்தீங்க, பாத்தீங்கல்ல?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான்தான் அவசரப்படுத்தினேன் சார். அதை மென்று முழுங்கினேன். "வெளிச்சம் கம்மியா இருந்துச்சு சார். சரியா கவனிக்கலை" என்றேன். வெளிச்சத்தைப் பார்த்தே பிழைக்கிறவள் சொன்ன பதில் அது.

பயம்தான். மூன்று வாரத்து வேலை போய்விடுமே என்ற பயம். முப்பத்தொரு வருஷத்து ஆளை அப்படியெல்லாம் அனுப்பிவிட மாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, உறையில் போட்டுக்கொண்டு கழகத்துக்குப் போனேன்.

செயலாளரின் அறையில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். சுவரெல்லாம் நான் எடுத்த படங்கள். மேசையில் படத்தை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"படம் பிரமாதமா வந்திருக்கு."

"சார், நான் சொன்னது காதுல விழுந்துச்சா? தப்பு அவரோடது இல்லை. என்னோடது."

"அவனே ஒத்துக்கிட்டான்மா" என்று இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். என் கவனக்குறைவால்தான் பட்டை தளர்ந்தது, மன்னிக்க வேண்டுகிறேன் என்று குண்டு குண்டான அழகான எழுத்து. கீழே கடிவாளத்தின் கோணல் கையெழுத்து.

"வேலைய விட்டே அனுப்பியிருக்கணும். பாவம்னு விட்டேன். இனிமே சேணத்தைத் தொடக் கூடாது, சாணி அள்ளட்டும். லாயத்துக்குப் பின்னால குடும்பத்தோட இருக்கற அந்த ரூம்லயே இருந்துக்கட்டும்."

"அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க சார்."

கூப்பிட்டார். கடிவாளம் வாசலிலேயே நின்றார். தோள் வெறுமையாக இருந்தது.

"இந்தம்மா கத்தினதாலதான் நீ பட்டைய இறுக்கலையாமே?"

"இல்லை சார்" என்றார், தரையைப் பார்த்து. "அவங்க ஒண்ணும் கத்தலை. நான்தான் மறந்துட்டேன்."

"அண்ணே!"

அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாயில்லாதவனுக்குப் பரிந்து பேச வந்த நல்ல பெண் என்று என்னைத் தட்டிக்கொடுக்கிற சிரிப்பு. அந்த மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது.

நேராக லாயத்துக்குப் போனேன். அவர் தள்ளுவண்டியில் சாணியை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மனுஷன் நீங்க?" என்று கத்தினேன். "நான் என் வாயால ஒத்துக்கறேன், நீங்க என்னைப் பொய்க்காரி ஆக்கறீங்க! படம் இருக்கு, சாட்சி நானே இருக்கேன், உங்களுக்கு என்ன கேடு?"

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். குதிரையிடம் பேசுகிற அந்தத் தாழ்ந்த குரலில்தான் பேசினார். வள்ளென்று விழுந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னிக்கு ராத்திரியே நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேம்மா. மறுநாளும் பாத்தேன். ரூமைக் காலி பண்ணுன்னு சொன்னப்பகூட, இதோ அவங்க வந்துருவாங்கன்னு எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். நீங்க வரலை. லெட்டர் எழுதிக் குடுத்தா ரூம் மிஞ்சும்னாங்க. எனக்கு எழுத வராது. எம் பொண்ணுதான் எழுதுனா."

அவர் மண்வெட்டியால் தரையைச் சுரண்டினார்.

"அப்பா மறக்கலைன்னு அவளுக்குத் தெரியும். 'நீ எப்பவும் ரெண்டு தடவை இழுப்பியேப்பா'ன்னு கேட்டுக் கேட்டு அழுதா. சும்மா எழுதுன்னு அதட்டுனேன். அடுத்த மாசம் அவளுக்குப் பரீட்சை. இப்ப நீங்க சொல்றதுதான் நிஜம்னா, நான் எழுதிக் குடுத்தது பொய்யாயிரும். பொய் சொன்னவனுக்கு ரூம் எதுக்குன்னு கேப்பாங்க. மறுபடி அவளை உக்கார வெச்சு நான் என்னத்தம்மா எழுதச் சொல்றது?"

உறையை வாங்கிப் படத்தை வெளியே எடுத்தார். கையை உயர்த்திக்கொண்டு ஓடி வரும் தன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இதை யாருக்கும் காட்டாதீங்க" என்றார். "எம் பொண்ணுக்கு மட்டும் நான் காட்டிக்கறேன்."