இட்லிப்பூச் செடிக்குப் போட்ட சிப்பித் தூள்

1. மஞ்சள் தெரிந்த காலை

செல்விக்கு வேலை போன காலையிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதற்கு முன்னால் நடந்தது, இல்லையென்றால் அதனால் நடந்தது.

கனகசெட்டிக்குளத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக இருக்கிற ஒரு நர்சரியில் நான் மண் கலக்கும் ஆள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினெட்டு வருஷமாகச் செம்மண், மணல், எரு, தேங்காய் நார்த்தூள் இந்த நான்கையும் மண்வெட்டியால் புரட்டித் தொட்டிக்கும் கவருக்கும் மண் தயார் செய்வதுதான் என் வேலை. நர்சரிக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எல்லாரும் அவரை முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படித்தான்.

அன்று காலை முசியே நிழல்வலைக் கொட்டகைக்குள் இடுப்பில் கை வைத்து நின்றார். எதிரே நானூறு தொட்டி இட்லிப்பூச் செடி. டவுனில் புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டலுக்கான ஆர்டர். பதினைந்து நாளில் வண்டி ஏற வேண்டியவை. ஒரு செடி பாக்கியில்லாமல் நுனி இலையெல்லாம் வெளுத்து மஞ்சளாகியிருந்தது.

“யாரு தண்ணி வுட்டது?”

“நான்தான் முசியே,” என்றாள் செல்வி.

“எத்தன வேள?”

“காலைல ஒரு வேள. வெயில் ஜாஸ்தின்னா சாயங்காலமும்.”

“ரெண்டு வேள வுட்டு வேர அழுவ வச்சிட்டியே.”

“வெரல வுட்டு, மண்ணு காஞ்சிருந்தாத்தான் வுடறேன் முசியே. வேணும்னா ஒரு தொட்டியக் கவுத்துப் பாருங்க.”

முசியே கவிழ்த்துப் பார்க்கவில்லை. “எனக்கே செடி வளக்கச் சொல்லித் தரியா? நாளையில இருந்து வராத,” என்றார்.

அந்த நானூறும் செல்வி கைப்பட வளர்த்தவை. தாய்ச்செடியிலிருந்து குச்சி வெட்டி, வேர் பிடிக்க வைத்து, இரண்டு மழைக்காலம் காப்பாற்றினாள். இந்த ஆர்டர் நல்லபடியாகப் போனால் பதியன் கொட்டகை முழுக்க அவள் பொறுப்பு என்று முசியே சொல்லியிருந்தார். எட்டு வருஷம் தினக்கூலிக்கு வந்தவளுக்கு அது பெரிய விஷயம்.

நான் இரண்டு கை தூரத்தில் மண்வெட்டியோடு நின்றேன். செல்வி ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். நான் குனிந்து மண்ணைப் புரட்டினேன். அது ஏற்கனவே புரட்டிய மண்.

2. கோழிக்குப் போடுவது செடிக்கு வந்தது

எங்களிடம் சிப்பித் தூள் வந்ததற்குக் காரணம் தக்காளி. மாடித் தோட்டம் போடுகிற டவுன்காரர்கள் எங்கள் மண்ணைத்தான் மூட்டை மூட்டையாக வாங்குவார்கள். முன்பொருநாள் ஒரு டீச்சரம்மா கைப்பையிலிருந்து தக்காளியை எடுத்து மேஜைமேல் உருட்டிவிட்டார்.

“அடியப் பாருங்க, கன்னங்கரேல்னு கெடக்கு. காயெல்லாம் இப்படித்தான். உங்க மண்ணுலதான் ஏதோ கோளாறு.”

மண் என்றால் அது நான்தானே.

முசியே போனில் எதையோ பார்த்துவிட்டு, கால்சியம் போதவில்லை, சிப்பித் தூள் போட்டால் சரியாகும் என்றார். முதலில் கோழித்தீவனக் கடையில் முட்டைக் கோழிக்குப் போடும் சிப்பி நொறுக்கை வாங்கிவந்தோம். அது குருணை மாதிரி இருந்தது. ஆறு மாதம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்தாலும் போட்டது போட்டபடியே கிடந்தது. மாவாக அரைத்தால்தான் மண்ணோடு சேரும். மாவு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மில்காரர் மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, “நாளைக்கு இட்லி மாவுல மீன் நாத்தம் அடிச்சா நீ வந்து பதில் சொல்றியா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். கடைசியில் தீவனம் அரைக்கும் இடத்தில்தான் வேலை நடந்தது.

கடல் சிப்பி ஆனதால் உப்பு இருக்குமோ என்று எனக்கு ஒரே பயம். அரைக்கக் கொடுப்பதற்கு முன் நான்கு தண்ணீரில் கழுவுவேன். கடைசித் தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன். பிறகு தார்ப்பாயில் இரண்டு நாள் காயப்போடுவேன். சிலர் இதைச் சுண்ணாம்பு என்று நினைத்துப் பயப்படுவார்கள். சிப்பியைச் சூளையில் சுட்டால்தான் அது சுண்ணாம்பு, வேரைப் பொசுக்கிவிடும். இது சுடாத சிப்பி, மெதுவாகத்தான் கரையும். இதை வாடிக்கையாளர்களுக்கு அலுக்காமல் சொல்வேன்.

செல்விக்கு இதெல்லாம் சிரிப்பு. “கோழிக்குப் போடறத செடிக்குப் போடறாரு நம்ம அண்ணா. தக்காளி முட்ட போடப் போவுது, கூடைய எடுத்துனு வாங்க,” என்பாள்.

தக்காளி முட்டை போடவில்லை, ஆனால் அடி கறுப்பது குறைந்தது. தூள் போட்டதோடு, தினமும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்றுங்கள், ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளம் கட்டாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினோம். இரண்டில் எது வேலை செய்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முசியே தூள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

3. எண்ணிக்கை தவறினால்

ஒரு பாண்டுச் சட்டி மண்ணுக்கு ஒரு பிடி தூள். இது முசியே சொன்ன அளவு. பத்துப் பாண்டு கொட்டிக் குமித்தால் பத்துப் பிடி. சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

என்னால் முடியவில்லை. ஐந்தாவது பிடி போடும்போது யாராவது ரோஜாக் கவர் எங்கே என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் ஐந்தா ஆறா என்று மறந்துபோகும். குறைந்துவிட்டால் என்ன செய்வது, அந்த டீச்சரம்மா மறுபடியும் தக்காளியோடு வந்து நிற்பாரே என்று மனம் அடித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் இன்னொரு பிடி. குமியை மூடும்போது எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியாக ஒரு பிடி. என் அம்மா பெரிய மார்க்கெட்டில் கீரை விற்றவர். எண்ணிக் கொடுத்து முடித்தபிறகும் ஒரு கட்டுக் கொசுறு வைக்காமல் யாரையும் அனுப்பமாட்டார். குறைவாகக் கொடுத்தால்தான் தப்பு, கூடுதலாகக் கொடுப்பதில் தப்பே இல்லை என்று நானும் வளர்ந்துவிட்டேன். என் குமிகளில் பத்துக்குப் பதினைந்து விழுந்ததா இருபது விழுந்ததா என்று தெரியாது.

தக்காளிக்கும் கத்தரிக்கும் மட்டும் போட்டவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இட்லிப்பூவைப் பெரிய தொட்டிக்கு மாற்றும் நாள் வந்தபோது தனிக் குமி போடப் போனேன். முசியே தடுத்தார்.

“எதுக்குத் தனித்தனியா குமிக்கற? கால்சியம் எல்லாத்துக்கும் நல்லதுதான். அதே மண்ணப் போடு.”

எனக்குள் ஒன்று இடித்தது. டவுனுக்குள் பழைய வீடுகளின் தோட்டத்துக்குச் செடி கொண்டுபோய் நட்டிருக்கிறேன். சுண்ணாம்புச் சுவரை ஒட்டி வைத்த இட்லிப்பூ மட்டும் எப்போதும் வெளிறிப்போய்த்தான் நிற்கும். நான்கு அடி தள்ளி நட்டது பச்சையாக இருக்கும். பல வீட்டில் பார்த்தது. ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. சிப்பியும் சுண்ணாம்பும் ஒரே வம்சம் என்பது மட்டும் தெரியும்.

“இட்லிப்பூவுக்குக் கூடவா முசியே?” என்றேன்.

“ஏன், அது என்னா பாவம் பண்ணுச்சு?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். காரணம் தெரியாமல் எதைச் சொல்வது, ஆறாவது படித்தவன் பேச்சு எங்கே நிற்கும் என்று விட்டுவிட்டேன். நானூறு தொட்டிக்கும் அந்த மண்தான் போனது.

4. எட்டு நாள்

செல்வி போன மறுநாள் முசியே தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். “கொஞ்சம் தெம்பு ஏறட்டும், மேலாக இன்னொரு பிடி தூள் தூவிடு,” என்றும் சொன்னார். தூவினேன். நானூறு தொட்டிக்கும் என் கையாலேயே தூவினேன்.

தூவும்போதே எனக்குத் தெரியும். தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினால் அடி இலை முதலில் பழுத்து விழும். இங்கே அடி இலை நல்ல பச்சை. புதுத் தளிர்தான் மஞ்சள், அதிலும் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. சுண்ணாம்புச் சுவரோரம் பார்த்த அதே மஞ்சள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் கிளம்பிப் போனேன். முசியே நல்ல மனநிலையில் இருந்தால் அதைக் கெடுப்பானேன் என்று விட்டேன். கோபமாக இருந்தால் இன்றைக்கு வேண்டாம் என்று விட்டேன். என் வேலையும் போய்விட்டால் இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். வீட்டில் என் மனைவி, “வயிறு சரியில்லையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் முசியே விவசாய ஆபீசிலிருந்து ஓர் அம்மாவை அழைத்துவந்தார். அவர் வந்ததும் செய்த முதல் வேலை, ஒரு தொட்டியைக் கவிழ்த்ததுதான். வேர் வெள்ளைவெளேரென்று, அழுகல் ஒரு துளி இல்லாமல் இருந்தது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஒரு காகிதத்தை முக்கிப் பார்த்தார்.

“சுண்ணாம்புச் சத்து கொட்டிக் கெடக்கே. இந்த மண்ண யாரு கலந்தது?”

“நான்தாங்க.”

“என்ன போட்டீங்க?”

“சிப்பித் தூளு.”

“எவ்வளவு?”

“பாண்டுக்கு ஒரு பிடி. சில சமயம் ரெண்டு. அப்புறம் மேல ஒரு பிடி.”

அந்த அம்மா திட்டவில்லை. “இட்லிப்பூ புளிப்பு மண்ணு கேக்கற செடிங்க. சுண்ணாம்பு ஏறிட்டா, மண்ணுல இரும்புச் சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. உங்க போர் தண்ணியும் இந்தப் பக்கம் கடினத் தண்ணிதான். இதுக்கு ஒரு சிட்டிகைகூடத் தேவையில்ல. வேர உதறி வேற மண்ணுல வையுங்க. பச்ச திரும்ப ரெண்டு மூணு மாசம் ஆவும்,” என்றார்.

ஓட்டல்காரர்கள் இரண்டு மாதம் காத்திருக்கமாட்டார்கள். வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

அவர் போனபிறகு முசியே என்னைக் கூப்பிட்டார். குரல் ஏறவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“மொதத் தளிர் வெளுத்தப்பவே ஒரு சந்தேகம் முசியே.”

“செல்விய நான் போவச் சொன்னேனே, அப்ப எங்க இருந்த?”

“பக்கத்துலதான் இருந்தேன் முசியே.”

அவர் குனிந்து அந்தக் கவிழ்த்த தொட்டியை நிமிர்த்தி வைத்தார். “போய் அவளக் கூட்டினு வா,” என்றார்.

5. தேங்காய்த்திட்டு

செல்வி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் தன் அத்தையோடு மீன் தரம் பிரிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு பஸ் மாறிப் போனேன். ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அவள் ஒரு தார்ப்பாய்மேல் குந்தி, பெரியதை ஒரு கூடையிலும் சிறியதை இன்னொன்றிலும் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

“முசியே வரச் சொன்னாரு செல்வி.”

“எதுக்கு?”

“தப்பு உம்மேல இல்லன்னு தெரிஞ்சிடுச்சு. தண்ணி இல்ல, சிப்பித் தூளு. நான்தான் அளவு தப்பிப் போட்டுட்டேன்.”

“தெரியும்ணா.”

“எப்படி?” என்றேன்.

“நீங்க குமி போடறத தெனம் பாத்துனுதான இருந்தேன். பேசினே போடுவீங்க. மறந்துட்டுத் திரும்பவும் போடுவீங்க.”

“அப்ப அன்னிக்கே முசியேகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

“நான் சொன்னா, தன் தப்ப மறைக்க உங்கமேல போடறான்னு ஆவும். நீங்க சொன்னாத்தான் அது எடுபடும். பக்கத்துலதான நின்னீங்க.” ஒரு மீனைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிறிய கூடையில் போட்டாள். “அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாப்புலயே உக்காந்திருந்தேன். எப்படியும் சொல்லிடுவீங்க, கூப்பிட ஆள் வரும்னு. நீங்க சைக்கிள்ல வந்தீங்க. என்னப் பாத்தீங்க. போயிட்டீங்க.”

உண்மைதான். பார்த்தேன். தலையைத் திருப்பிக்கொண்டு போனேன்.

“இப்ப வந்துட்டேன்ல,” என்றேன்.

“அவரு அனுப்பினாரு, நீங்க வந்தீங்க.”

“கொட்டகைப் பொறுப்பு உனக்குத்தான்னு சொல்வாரும்மா. நான் பேசறேன்.”

செல்வி அதற்கு லேசாகச் சிரித்தாள். கிண்டல் பண்ணும்போது சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. “கொஞ்சம் தள்ளி நில்லுங்கணா, ஐஸ் வண்டி வருது,” என்றாள். நான் தள்ளி நின்றேன். வண்டி போனபிறகும் அவள் நிமிரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் சிப்பித் தூள் எவ்வளவு போடுவது என்று கேட்கிறார்கள். பிடிக்கணக்கு வேண்டாம், ஸ்பூனால் அளக்கச் சொல்கிறேன். தக்காளித் தொட்டிக்கு ஒரு ஸ்பூன் போதும். இட்லிப்பூவுக்கு வேண்டவே வேண்டாம். எண்ணிக்கை தவறினால் அந்தக் குமியைத் தள்ளி வைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். இலை மஞ்சளானால், மேல் இலையா கீழ் இலையா என்று பாருங்கள். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்காமல் யார்மேலும் பழி சொல்லாதீர்கள். உங்கள் கை தப்பியது என்று சந்தேகம் வந்தால், காரணம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். திட்டு விழும், விழட்டும். நான் எட்டு நாள் வைத்திருந்தேன். அதுவும் கேட்டபிறகுதான் சொன்னேன்.

நானூறு தொட்டியிலும் வேரை உதறி மண்ணை மாற்றினோம். பாதிச் செடிக்குமேல் மூன்று மாதத்தில் பச்சை பிடித்துவிட்டது. செல்வி வரவில்லை.